எட்டாவது எலும்பு

அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்தவர் மூத்த டெக்னீஷியன். வைத்த கையோடு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்கப் பரப்பியும் விட்டார். கதிர்வீச்சுப் பிரிவில் மேற்படிப்புக்கு வந்து இரண்டாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட அங்கே ஓர் ஆள் கிடையாது. தரை துடைக்கும் அம்மாகூட, "ஆமை டாக்டர், காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்பாள்.

பெயரில் ஒன்றும் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கூடப் படிப்பவர்கள் காபி ஆறுவதற்குள் ஒரு கட்டியைச் சுற்றிக் கோடு போட்டு முடித்துவிடுவார்கள். இவள் ஸ்கேனை ஒவ்வொரு படமாக நகர்த்தி, வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, அதையும் அழிப்பாள். இந்தக் கோட்டுக்கு உள்ளே கதிர் பாயும், வெளியே பாயாது. அப்படியிருக்கக் கோட்டை எப்படி அவசரமாகப் போடுவது என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதைவிடக் கேலிக்கு ஆளானது அவளுடைய எண்ணும் பழக்கம். முதுகெலும்பில் சிகிச்சை என்றால், நோயாளியைப் படுக்க வைத்தபடியே இயந்திரம் முதலில் ஒரு படம் எடுக்கும். பழைய ஸ்கேனும் இந்தப் புதுப் படமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வரும். பொருந்துகிறதா என்று பார்த்து டாக்டர் "பாஸ்" சொன்ன பிறகுதான் டெக்னீஷியன் பட்டனை அழுத்தலாம். ஆனால் முதுகெலும்புகள் இருக்கின்றனவே, அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எட்டாவதும் ஒன்பதாவதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சில நேரம் இயந்திரமே ஏமாந்து, ஒன்று தள்ளிப் பொருத்தி வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று சாதிக்கும். அதனால் கடைசி விலா எலும்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பன்னிரண்டாவது எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக மேலே எண்ணிக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் கண்ணால் எண்ணுவார்கள். ஆமை திரையில் விரலை வைத்து, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி முணுமுணுத்து எண்ணுவாள்.

"பன்னெண்டு... பதினொண்ணு... பத்து..."

"தாயே, ஸ்கிரீன் முழுக்க உங்க கைரேகைதான். நாளைக்கு இங்க திருட்டுப் போனா போலீஸ் நேரா உங்களைத்தான் பிடிக்கும்" என்று டெக்னீஷியன் துணியை எடுத்துத் துடைப்பார். கட்டுப்பாட்டு அறையே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளே சுருக்கென்று இருக்கும், யாருக்குத்தான் இருக்காது?

அன்று காலை உள்ளே படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். எங்கேயோ ஆரம்பித்த புற்று அவருடைய முதுகின் எட்டாவது எலும்புக்கு வந்து அரித்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் தண்டுவடம் ஓடுகிறது. வலது காலில் ஏற்கெனவே மரமரப்பு. "பிரேக் மிதிக்கற கால், டாக்டரம்மா. அதை மட்டும் காப்பாத்திக் குடுத்துடுங்க, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று அட்மிட் ஆன அன்றே அவளிடம் சொல்லியிருந்தார். சிகிச்சை மொத்தம் மூன்றே தடவை, அன்று முதலாவது. ஆனால் ஒவ்வொன்றும் பெரிய டோஸ், குறுகலான கதிர். எலும்பில் முழுசாக விழ வேண்டும், தண்டுவடத்தைச் சுட்டுவிடக் கூடாது. சுட்டுவிட்டால் கால் போனது போனதுதான்.

அன்றைக்கென்று பார்த்து இயந்திரம் காலையிலேயே மக்கர் பண்ணியிருந்தது. வெளியே வரிசை கதவைத் தாண்டிப் போயிருந்தது. டிரைவரால் நிமிர்ந்து படுக்க முடியவில்லை. தடித்த சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக் வழியாக, "அம்மா... அம்மா..." என்று முனகல் வந்துகொண்டே இருந்தது. படமும் கொஞ்சம் கலங்கலாக வந்தது. பொருத்துவதற்காக மேசையை நகர்த்தச் சொல்லி இயந்திரம் கேட்ட தூரம் வழக்கத்தைவிடக் கூட.

"வலியில அசைஞ்சிருப்பார்" என்றார் டெக்னீஷியன். பிறகு பின்னால் நின்ற ஜூனியர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "எண்ண ஆரம்பிச்சுடாதீங்க தாயே, புண்ணியமாப் போகும். ஆள் உள்ள துடிக்கறார்."

ஜூனியர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் இரண்டு கைகளையும் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். எலும்பின்மேல் எலும்பு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பார்க்கவே அழகாக இருந்தது.

"பாஸ்" என்றாள்.

"அடி சக்கை! ஆமை ஓட ஆரம்பிச்சிடுச்சு டோய்!" என்று டெக்னீஷியன் கைதட்டினார். பட்டனை அழுத்தினார். கதிர் பாய்ந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அதை நினைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசினாள்.

மத்தியானம் அவள் வேறொரு நோயாளியின் ஸ்கேனைத் திறந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூனியர் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பைப் புற்று தின்றிருந்தது. கரையான் அரித்த பலகை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"பார்த்தியா? நோய் இருக்கற எலும்பு இப்படித்தான் இருக்கும். ஓரம் எல்லாம் பிசிறடிச்சு, அசிங்கமா. அழகா, முழுசா இருந்தா அது நோய் இல்லாத..."

காலையில் பார்த்த எலும்பு அழகாக இருந்ததே!

அந்த எலும்பில் ஓட்டை இருந்ததா? பிசிறு இருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் கண்ணுக்குள் வந்து நின்றது அந்த வழுவழுப்பான, முழுசான, சின்னப் பிள்ளையின் எலும்பு போன்ற எலும்புதான்.

"என்ன ஆச்சு டாக்டர்? முகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றாள் ஜூனியர்.

"ஒண்ணுமில்ல. ஏசி வேலை செய்யலை போல" என்றாள் ஆமை. ஏசி அவள் தலைக்கு மேலேயே விறைக்க விறைக்க ஓடிக்கொண்டிருந்தது.

காலைப் படம் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நாலு தடவை தட்டினால் திறந்துவிடும். திறக்கலாம் அல்லவா? திறக்கவில்லை மகராசி. எழுந்து போய் முகம் கழுவினாள். கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, வேலை நேரத்துல?" என்றாள் அக்கா.

"சும்மாதான். வேற படிப்பு ஏதாவது படிச்சிருக்கலாமோன்னு தோணுச்சு."

"உன் குரலே சரியில்லையே. யாராவது திட்டினாங்களா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

திட்டு என்றால் சீஃப் மேடம்தான். அந்த அம்மாள் கத்தவே மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஒழுங்காக நடந்து வெளியே வந்தவர்கள் குறைவு. போன வருஷம் ஒரு பையன் அப்படி உள்ளே போய், மறு வாரம் விடுதி அறையைக் காலி செய்துகொண்டு போனான். என்ன தப்பு என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அத்தனை கதைகளும் இப்போது ஆமையின் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன.

கடைசியில், இதற்கு மேல் தாங்காது என்ற நிலையில், திட்டமிடும் அறை காலியான நேரம் பார்த்து வந்து படத்தைத் திறந்தாள். கடைசி விலாவில் விரலை வைத்தாள்.

பன்னெண்டு. பதினொண்ணு. பத்து. ஒம்போது.

கதிர் விழுந்த இடம் அந்த ஒன்பதிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேலே, கொறித்துத் தின்ற மாதிரி ஓட்டை விழுந்து, எட்டாவது எலும்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. மறைந்துகூட இருக்கவில்லை. காலையிலும் அது திரையில்தான் இருந்திருக்கிறது, கண்ணுக்கு நேரே.

அவள் மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் அதுதான்.

ஓட்டமும் நடையுமாகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். டெக்னீஷியன் அடுத்த நோயாளியை இறக்கிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அண்ணா, காலையில டிரைவருக்கு நாம தப்பான எலும்புக்குக் குடுத்துட்டோம்."

"போங்க தாயே. நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கினா இந்த மாதிரிக் கனவெல்லாம் வராது."

"வந்து பாருங்க அண்ணா."

வந்து பார்த்தார். கண்ணால்தான் எண்ணினார், ஆனால் உதடு அசைந்தது. அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யார் பார்த்தாங்க?"

"யாரும் இல்ல."

அவர் துடைக்கும் துணியைக் கையில் எடுத்து மடித்தார், பிரித்தார். "இங்க பாருங்கம்மா. ஒரு தடவைதானே? நாளைக்கும் நாளன்னைக்கும் சரியான இடத்துல வச்சுடுவோம். நானே ரெண்டு தரம் பார்க்கறேன். அந்த ஆளுக்கும் தெரியப் போறதில்ல, மேடத்துக்கும் தெரியப் போறதில்ல. உங்க படிப்பு இருக்கு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் கெட்டவன் இல்லம்மா."

அவர் கெட்டவர் இல்லைதான். முதல்முறையாக அவளை ஆமை என்றோ தாயே என்றோ சொல்லாமல் வெறும் அம்மா என்று கூப்பிட்டிருந்தார். அவளுக்கும் சரி என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

இந்த இடத்தில் அவளுக்குத் தைரியம் வந்தது, மனசாட்சி பேசியது என்றெல்லாம் யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். அவளுக்கு வந்தது இன்னொரு பயம், முதல் பயத்தைவிடப் பெரியது. ஒன்பதில் விழுந்த கதிரின் ஓரமும், நாளை எட்டில் விழப்போகும் கதிரின் ஓரமும் நடுவே ஒரே இடத்தில் சேரும். அந்த இடத்திலும் தண்டுவடம் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? சொல்லாவிட்டால் அதை யாரும் கணக்குப் போட மாட்டார்கள். யாருமே போடாத அந்தக் கணக்கின் மேல் ஒரு மனுஷனின் கால் நிற்கிறது.

"என்னால முடியாது அண்ணா" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

"சொல்றதுக்கா, சொல்லாம இருக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே சீஃப் மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். ஆமை நின்றபடியே சொன்னாள். கோர்வையாக ஒன்றும் வரவில்லை. எலும்பு முதலில் வந்தது, டிரைவர் நடுவில் வந்தார், கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டது கடைசியில் வந்தது. டெக்னீஷியன் சொன்ன யோசனையை மட்டும் விழுங்கிவிட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எப்பக் கவனிச்ச?"

"மத்தியானம், மேடம்."

"இப்ப சாயங்காலம்."

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"உங்களுக்கு" என்றாள். வேறு பதில் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார். "வா" என்றார்.

டோஸ் கணக்குப் போடும் பிசிசிஸ்ட் வீட்டுக்குக் கிளம்பிப் பையை மாட்டியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். காலைப் படத்தில் எலும்பு, தண்டுவடம் எல்லாவற்றையும் வரைய வேண்டும். கதிர் எங்கெங்கே எவ்வளவு விழுந்தது என்று இயந்திரத்தைக் கேட்க வேண்டும். வரைய ஆமையையே உட்கார வைத்தார் மேடம். யாரும் அவளைச் சீக்கிரம் என்று சொல்லவில்லை. பின்னால் டெக்னீஷியன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடத் தொடங்கியது. அவளுக்கு அந்தக் கால் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது, வார்டுக் கட்டிலில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வலது கால்.

"தண்டுவடம் தப்பிச்சிடுச்சு" என்றார் பிசிசிஸ்ட். "எல்லைக்குள்ளதான் இருக்கு, மேடம். ஆனா ஓரத்துல நிக்குது. கட்டிக்குப் பாதிகூடப் போய்ச் சேரலை."

"மீதி ரெண்டையும் பழைய பிளான்லயே குடுத்திருந்தா?"

பிசிசிஸ்ட் எதையோ தட்டிப் பார்த்தார். திரையில் ஒரு சின்ன இடம் சிவப்பாகியது. "இந்த இடத்துல தாண்டியிருக்கும்" என்றார்.

டெக்னீஷியன் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். ஆமை அவரைப் பார்க்கவில்லை.

"புது பிளான் போடுங்க, நாளைக்குக் குடுக்கறது கேன்சல்" என்றார் மேடம். பிறகு அவளிடம் திரும்பினார். "அவர்கிட்டச் சொல்லணும். நானும் வர்றேன். பேசப் போறது நீ."

வார்டில் டிரைவர் சாய்ந்து படுத்திருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களைப் பார்த்ததும் சிரித்தபடி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆமைக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"இன்னிக்குக் காலையில உங்களுக்குக் குடுத்த கதிர் எட்டாவது எலும்புல படலை. அதுக்குக் கீழ இருக்கற ஒம்பதாவதுல பட்டிருக்கு. பார்த்துச் சரின்னு சொன்னது நான்தான். கீழேர்ந்து எண்ணிக்கிட்டு வரணும். நான் எண்ணலை."

மனைவியின் கையில் ஆரஞ்சு அப்படியே நின்றது. டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"ஒரு ஸ்டாப் முன்னாடியே இறக்கி விட்டுட்டீங்க" என்றார்.

"ஆமாம்."

"காலு?"

"காலுக்கு ஒண்ணும் ஆகலை. கணக்குப் போட்டுப் பார்த்துட்டோம். புதுசா பிளான் போடறோம்."

"ஆகியிருந்தா?" என்று மனைவி கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "ஆகியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப? எண்ணலையாமே! பள்ளிக்கூடப் பிள்ளைங்க எண்ணுது, உனக்கு எண்ணத் தெரியாதா? மேடம், இந்தப் பொண்ணு இனிமே எங்க ஆள் பக்கத்துலயே வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

ஆமை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டிரைவரின் மனைவி சொன்னதில் எதை மறுப்பது?

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று டிரைவர் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது."

"இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?"

அவள் யோசித்தாள். "விரல் வச்சு எண்ணினப்ப எல்லாம் ஆகலை" என்றாள்.

டிரைவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமா, வலியா, தெரியவில்லை.

புதுத் திட்டம் தயாராகி அவரை மறுபடி மேசையில் ஏற்றிய அன்று, ஆமை கட்டுப்பாட்டு அறையில் கதவோரமாக நின்றாள். முந்தின ராத்திரிகளில் அவள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் எலும்பு எலும்பாக ஏறிக்கொண்டே போனது. அவளை வெளியே அனுப்புவார்களா, படிப்பே போகுமா என்பது பற்றி மேடம் வாயைத் திறக்கவில்லை. விசாரணைக் குழு கூடிப் பேசும் என்று மட்டும் சொல்லியிருந்தார். திரைக்கு முன்னால் மேடமே உட்கார்ந்திருந்தார். படம் வந்தது. பொருந்தியது. மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

மைக் கரகரத்தது.

"அந்தச் சின்ன டாக்டரம்மா இருக்காங்களா?" டிரைவரின் குரல்.

டெக்னீஷியன் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார். "இருக்காங்க" என்றார் டெக்னீஷியன் மைக்கில்.

"அவங்களை எண்ணச் சொல்லுங்க. எனக்குக் கேக்கற மாதிரி. எனக்கு இங்க ஒரே பயமா இருக்கு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மேடம் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றார். "பையிலேர்ந்து கையை எடு" என்றார்.

அப்போதுதான் ஆமைக்குத் தன் கை கோட்டுப் பைக்குள் இருப்பது தெரிந்தது. வெளியே எடுத்தாள். முன்னால் வந்து, கடைசி விலாவின் மேல் விரலை வைத்தாள். திரையில் கைரேகை படிந்தது. டெக்னீஷியன் மைக்கை அவள் பக்கம் தள்ளி வைத்தார். துணி அவருக்குப் பக்கத்திலேயே கிடந்தது, அவர் எடுக்கவில்லை.

"பன்னெண்டு" என்றாள். இருமிக்கொண்டாள். "பதினொண்ணு. பத்து. ஒம்போது."

விரலை மேலே நகர்த்தினாள். அரித்துப் போன, பிசிறடித்த, அசிங்கமான எலும்பு விரலுக்கு அடியில் வந்தது.

"எட்டு."

"ஸ்டாப் வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து டிரைவர் கேட்டார்.

"வந்துடுச்சு. ஆனா இருங்க, இன்னொரு தடவை எண்ணிடறேன்."

"எண்ணுங்க, எண்ணுங்க. வண்டி நிக்கட்டும்" என்றார் அவர்.

அவள் விரலை மறுபடி கீழே கொண்டுவந்து, பன்னிரண்டிலிருந்து ஆரம்பித்தாள்.